சிந்தடிக் ஆயிலும் சீர்த் தாம்பாளமும்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். காருக்கு ஆயில் மாத்தணும்.

சனிக்கிழமை. பள்ளிக்கூடம் லீவு. எட்டு மணிக்கு வண்டியை பட்டறையில விட்டா பத்து மணிக்கு எடுத்துரலாம். வர்ற வழியில அரைக்கிலோ தக்காளி வாங்கிட்டு வரச் சொல்லியிருந்தா என் வீட்டுக்காரி ஸ்டெல்லா. அம்புட்டுத்தான் திட்டம்.

இந்த ஒரு ஆயில் மாத்துன வேலை என்னோட இருபது வருஷ சிநேகிதத்துல போயி எப்படி முடிஞ்சுச்சுன்னு சொல்றேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கங்க. எனக்கே இப்பத்தான் சிரிப்பு வருது.

ரெண்டாயிரம் பொறந்து மூணு நாலு வருஷம் ஆயிருக்கும். திண்டுக்கல் டவுன்ல ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்துல நான் கெமிஸ்ட்ரி வாத்தியார். என்கிட்ட இருந்தது மூணு கை மாறி வந்த ஒரு பழைய பெட்ரோல் கார். எனக்கு வித்தவரு ஒட்டன்சத்திரத்துல தக்காளி மண்டிக்காரர். சாவியைக் குடுக்கும்போதே ஒண்ணு சொன்னாரு.

"ஏனுங்க வாத்தியாரே, வண்டி ஒரு தொந்தரவும் குடுக்காதுங்க. ஆனா அது போக்குல விட்டுருங்க. புதுசா எதையும் பண்ணிப்போடாதீங்க."

சரின்னு தலையாட்டிட்டு வந்தேன். நாலு வருஷம் அது போக்குலதான் விட்டேன். வண்டியும் கடகடன்னு சத்தம் போட்டுக்கிட்டு ஓடுச்சு.

அப்பத்தான் என் மச்சினன் பெஞ்சமின் குவைத்துல இருந்து லீவுக்கு வந்தான். அங்க ஒரு ஒர்க்‌ஷாப்புல வேலை. அவன் அக்காவுக்கு சென்ட்டு, பிள்ளைகளுக்கு சாக்லேட்டு. எனக்கு மட்டும் நாலு லிட்டர் கேன்ல ஆயில்.

"மாமா, இது சாதா ஆயில் இல்ல. சிந்தடிக்கு. அங்க அம்பது டிகிரி வெயில்லயும் இன்ஜின் சத்தம் கேக்காது. ஒருதடவை ஊத்திப் பாருங்க, அப்புறம் வேற ஆயிலைத் தொட மாட்டீங்க."

நான் கெமிஸ்ட்ரி வாத்தியார். சிந்தடிக்னு ஒருத்தன் சொல்லிட்டா எனக்குக் கை அரிக்க ஆரம்பிச்சிரும்.

பழனி ரோட்டுல காதர் பாய் பட்டறை. பாய்தான் அந்த வண்டிக்கு ஆஸ்தான டாக்டர். கேனைத் திறந்து ஒரு சொட்டை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சுத் தேச்சாரு. மோந்து பாத்தாரு. மூடியைத் திருகி கேனை என் கையிலயே திருப்பிக் குடுத்தாரு.

"நல்ல சாமான் சார். வீட்டுல பத்திரமா வைங்க."

"ஊத்தத்தான பாய் கொண்டாந்தேன்."

"புது வண்டி வாங்குனா ஊத்திக்கலாம். இதுக்குள்ள பதினஞ்சு வருஷத்துக் கசடு இருக்கு சார். படிஞ்சு படிஞ்சு இறுகிப்போயி, ஒழுகுற எடத்தையெல்லாம் அதுதான் அடைச்சுக்கிட்டு நிக்குது. இதை ஊத்துனா அம்புட்டையும் கழுவி விட்டுரும். அப்புறம் ஒழுகும்."

இந்த எடத்துல நான் சரிங்க பாய்னு சொல்லிட்டுத் தக்காளி வாங்கப் போயிருக்கணும்.

போகல. பாடம் எடுத்தேன்.

சாதா ஆயில்ல மூலக்கூறு ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசா இருக்கும், இதுல எல்லாம் ஒரே அளவா இருக்கும்னு ஆரம்பிச்சு, பட்டறைச் சுவத்துல சாக்பீஸால சங்கிலி சங்கிலியா படம் வரைஞ்சு காட்டினேன். சாக்பீஸ் எப்பவும் சட்டைப் பையில கெடக்கும். பாய் ஸ்பானரைத் துடைச்சுக்கிட்டே பொறுமையா கேட்டாரு. பத்தாம் வகுப்புல கூட எனக்கு அப்படி ஒரு மாணவன் கிடைச்சதில்ல.

முடிச்சதும், ஆட்டோ ரிப்பேருக்காக உக்காந்திருந்த ரெண்டு பேரைக் கூப்பிட்டாரு.

"அண்ணே, ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. நான் வேணாம்னு சொன்னேன். ஊத்தச் சொன்னது சாருதான்."

"நாங்க சாட்சி பாய்"னு ஒருத்தர் டீயை உறிஞ்சிக்கிட்டே சொன்னாரு.

ஊத்தியாச்சு.

வெளிய எடுத்தா, வண்டி சத்தம் போடல. ரவுண்டு ரோட்டுல ஒரு எடத்துல இன்ஜின் ஆஃப் ஆயிருச்சுன்னு நெனச்சு மறுபடி சாவியைத் திருகி, கர்ருன்னு ஒரு சத்தம் வந்து பக்கத்துல போன மாடு மிரண்டுச்சு. அம்புட்டு அமைதி. அந்தச் சந்தோஷத்துல தக்காளியை மறந்துட்டேன்.

மூணு வாரம் ஆசிரியர் அறையில வேற பேச்சே இல்ல. என் பேச்சைக் கேட்டு ரெண்டு வாத்தியாருங்க அந்த ஆயிலுக்கு மாறப்போறதா சொன்னாங்க. அதுல ஒருத்தர்கிட்ட இருந்தது மொபெட்டு.

இப்ப சின்னப்பனைப் பத்திச் சொல்லணும். கணக்கு வாத்தியார். நானும் அவனும் ஒரே வருஷம் வேலைக்குச் சேந்தவங்க. இருபது வருஷமா பதினொரு மணி இன்டர்வல்ல ஒண்ணாத்தான் டீ. அவன் பொண்ணுக்கு நான்தான் ஞானத் தகப்பன்.

அந்த நேரம் பாத்து உதவித் தலைமையாசிரியர் ரிட்டையர் ஆனாரு. அடுத்து யாருன்னு பேச்சு. சீனியாரிட்டி பாத்தா என் பேரும் சின்னப்பன் பேரும்தான் அடிபட்டுச்சு. பெரிய பதவியெல்லாம் இல்ல. தனி ரூம், தலைக்கு மேல சத்தமில்லாத ஃபேன், சுத்துற நாற்காலி. ஆனா அந்த நாற்காலியை நான் பன்னெண்டு வருஷமா பாத்துக்கிட்டு இருந்தேன்.

டீக்கடையில சின்னப்பன்தான் பேச்சை எடுத்தான்.

"ஏலே அருளு, நாம ரெண்டு பேரும் ஃபாதர்கிட்டப் போயி நிக்கக் கூடாதுப்பா. அசிங்கமா இருக்கும். அவரா பாத்து யாருக்குக் குடுக்குறாரோ குடுக்கட்டும்."

"நான் எதுக்குடா போகப்போறேன்?"

"சத்தியமா?"

"சத்தியமா."

அன்னைக்குச் சாயந்தரம் ஆறு மணிக்கு நான் தாளாளர் ஃபாதர் பங்களாவுல இருந்தேன்.

கையில ஒரு சீப்பு சிறுமலைப் பழம். ஃபாதர் நாற்காலி போடச் சொன்னாரு. இருபது நிமிஷம் மழையைப் பத்திப் பேசினோம். பதவியைப் பத்தி அவரும் வாயைத் திறக்கல, நானும் திறக்கல. பதவி கேக்குற முறையே அதுதான்.

மறுநாள் காலையில ஸ்டெல்லா கோலம் போட வெளிய போனவ உள்ள வந்து கேட்டா.

"வாசல்ல என்னங்க கருப்பா மூணு பொட்டு?"

"தண்ணியா இருக்கும்."

"தண்ணி கருப்பாவா இருக்கும்? நீங்கதான கெமிஸ்ட்ரி."

போயிப் பாத்தேன். பெருசா ஒண்ணு, பக்கத்துல சிறுசா ரெண்டு. வண்டி நின்ன எடத்துக்கு நேர் கீழ.

பாய்கிட்டப் போனேன். அவரு வண்டியைக் கூடப் பாக்கல, என் மொகத்தைப் பாத்தாரு.

"ஒழுகுதா சார்?"

"லேசா. எந்த எடத்துல ஒழுகுதுன்னு செத்த பாருங்க பாய்."

கீழ படுத்துப் பாத்துட்டு எந்திரிச்சாரு. "டப்பட் கவர்ல ஒழுகுது. சேம்பர் பேக்கிங்ல ஒழுகுது. பின்னாடி சீல்ல ஒழுகுது. இன்ஜினை எறக்கி அம்புட்டு சீலும் மாத்தணும். பத்து நாளு வண்டியை என்கிட்ட விடுங்க."

பத்து நாளு வண்டி இல்லாம முடியாது. ஃபாதர் பங்களா டவுனுக்கு வெளிய, நத்தம் ரோட்டுல. பழச்சீப்போட பஸ்ல போயி எறங்குனா மரியாதையா இருக்குமா?

"பரீட்சை லீவுல பாத்துக்கலாம் பாய்."

"சரி சார். அதுவரைக்கும் நிறுத்துற எடத்துல அடியில ஒரு தட்டு வச்சுக்கங்க."

அந்த யோசனையை அவரு சும்மாதான் சொன்னாரு. நான்தான் அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டேன்.

ஒரு வாரத்துல மூணு பொட்டு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடி, மார்க்கெட்டு வாசல், கோயில் வாசல். நான் எங்க போனேனோ அங்கெல்லாம் முத்திரை. ஸ்டெல்லா ஒருநாள் சாப்பாடு போட்டுக்கிட்டே, "பிரியாணிக் கடை வாசல்ல மூணு பொட்டு பாத்தேன். டாக்டர் பிரியாணியைத் தொடக் கூடாதுன்னு சொன்னாரா இல்லையா?"ன்னா. அன்னைக்கு எனக்கு ரசம் மட்டும். தொட்டுக்க வெஞ்சனம் கிடையாது.

இதை நான் தாங்கிக்கிட்டேன். தாங்க முடியாதது அதுக்கடுத்த திங்கக்கெழமை வந்துச்சு.

டீ குடிச்சுக்கிட்டு இருந்தோம். சின்னப்பன் கிளாஸைப் பாத்துக்கிட்டே கேட்டான்.

"நேத்து சாயந்தரம் எங்கப்பா இருந்த?"

"வீட்டுலதான். பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தேன்."

"அப்படியா. ஃபாதர் பங்களாவுல புதுசா வெள்ளை டைல்ஸ் போட்டிருக்காங்க. அதுல மூணு பொட்டு இருந்துச்சு."

முந்துன நாள்தான் ரெண்டாவது தடவையா பழச்சீப்போட அங்க போயிட்டு வந்திருந்தேன்.

"திண்டுக்கல்ல ஒழுகுற வண்டி நம்மளுது ஒண்ணுதானா?"

"பெருசு ஒண்ணு, சிறுசு ரெண்டு. முக்கோணமா. நான் கணக்கு வாத்தியார் அருளு."

"அந்தப் பக்கம் ஒரு சாவுக்குப் போனேன். திருப்பும்போது செத்த நேரம் நிறுத்தியிருப்பேன்."

இப்பத்தான் வீட்டுல பேப்பர் திருத்துனதா சொன்னோமேன்னு சொல்லி முடிச்சப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. அவன் கிளாஸை வச்சுட்டுப் போயிட்டான்.

புத்தி இருக்குறவன் அதோட நிறுத்தியிருப்பான். நான் தட்டு தேடுனேன்.

பரண்ல ஒரு எவர்சில்வர் தாம்பாளம் கெடந்துச்சு. நல்ல அகலம். மூணு பொட்டும் அதுக்குள்ள அடங்கும். ஸ்டெல்லா பக்கத்து வீட்டுல இருந்த நேரம் பாத்து எடுத்து டிக்கியில போட்டேன்.

மூணாவது தடவை ஃபாதர் பங்களா. வண்டியை நிறுத்துனேன். சுத்தியும் முத்தியும் பாத்தேன். குனிஞ்சு தாம்பாளத்தை அடியில தள்ளுனேன். பழச்சீப்பை எடுத்துக்கிட்டு நிம்மதியா உள்ள போனேன். மழையைப் பத்திப் பேசி முடிஞ்சதால அன்னைக்குத் தென்னைமரத்துல வர்ற வண்டைப் பத்திப் பேசினோம்.

கெளம்பும்போதுதான் வெனை. எப்பவும் உள்ள இருந்தே கையசைக்கிற மனுசன், அன்னைக்கு என்கூடவே வாசலுக்கு வந்தாரு.

"வண்டி எப்படி ஓடுது அருளானந்தம்?"

"சத்தமே இல்ல ஃபாதர். சிந்தடிக் ஆயில்."

"ஓட்டுங்க, பாக்கலாம்."

அவரு படியில நின்னு பாக்குறாரு. நான் அவரு முன்னாடி காருக்கு அடியில படுத்துத் தாம்பாளத்தை எடுக்கவா? போயிட்டு இருட்டுனதும் வந்து எடுத்துக்கலாம்னு வண்டியைக் கெளப்பிட்டேன். கண்ணாடியில பாத்தேன். வெள்ளை டைல்ஸ் மேல தாம்பாளம் பளபளன்னு இருந்துச்சு. நடுவுல கருப்பா மூணு பொட்டு. பக்கத்துல ஃபாதர் நின்னு குனிஞ்சு பாத்துக்கிட்டு இருந்தாரு.

அப்புறம் எங்க போயி எடுக்க.

மறுநாள் மூணாவது பீரியட். ஆசிரியர் அறையில பத்துப் பேரு இருக்கோம். பங்களா வாட்ச்மேன் சவரி, செய்தித்தாள்ல சுத்துன ஒரு பெரிய வட்டத்தைத் தூக்கிக்கிட்டு வந்து என் மேசையில வச்சான்.

"ஃபாதர் குடுத்து விட்டாரு சார். கழுவித்தான் இருக்கு. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை நீங்க விட்டுட்டுப் போன பொட்டுல பேரு இல்லையாம். இதுல பேரு இருந்ததால யாருதுன்னு சுலபமா தெரிஞ்சுச்சாம்."

அவன் போயிட்டான். பேப்பர் தானா விரிஞ்சுச்சு.

சின்னப்பன் எந்திரிச்சு வந்தான். மூக்குக் கண்ணாடியை மாட்டுனான். விளிம்புல வெட்டியிருந்த எழுத்தை ஒவ்வொண்ணா, மக்குப் பையன் பாடப் புத்தகம் வாசிக்கிற மாதிரி சத்தமா வாசிச்சான்.

"அருளானந்தம், ஸ்டெல்லா மேரி திருமண அன்பளிப்பு. அன்புடன் எம். சின்னப்பன், கணித ஆசிரியர்."

அந்தத் தாம்பாளம் அவன் எனக்குக் கல்யாணத்துக்குக் குடுத்ததுங்குறது அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தாக் கூடப் பரவாயில்ல. அவன் கண்ணாடியைக் கழட்டிப் பையில வச்சுக்கிட்டு வகுப்புக்குப் போயிட்டான். பதினொரு மணிக்கு டீக்கடைக்கு வரல. மறுநாளும் வரல. கடைக்காரர் பழக்கத்துல ரெண்டு கிளாஸ் வைப்பாரு. நான் ஒண்ணைக் குடிச்சிட்டு இன்னொண்ணைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். ரெண்டு வாரம் அப்படியே போச்சு.

வீட்டுல ஸ்டெல்லா தாம்பாளத்தைப் புளி போட்டு மூணு தடவை தேச்சா. "பழம் வச்சுக் குடுக்கத்தான சாமான். ஆயில் வச்சா குடுப்பாக?"ன்னு கேட்டா. அதுக்கப்புறம், "சின்னப்பண்ணன்கிட்டப் போயி மன்னிப்புக் கேளுங்க. நாற்காலி வரும் போகும்"னா.

ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு சின்னப்பன் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன பேசுறதுன்னு ஒத்திகை பாத்துக்கிட்டே போனேன். கதவைத் திறந்தது அவன் வீட்டுக்காரம்மா, ரோஸ்லின்.

"வாங்கண்ணே. அவரு இல்லையே. ஃபாதரைப் பாக்கப் போயிருக்காரு."

"எதுக்கும்மா?"

"எதுக்கா? நாலஞ்சு வாரமா ஞாயித்துக்கெழமை தவறாமப் போறாரே. ஒரு கிலோ திராட்சை வாங்கிட்டு. உங்ககிட்டச் சொல்லலையா?"

அப்பத்தான் மண்டையில உறைச்சுச்சு. ஃபாதர் பங்களா டைல்ஸ்ல பொட்டு இருந்ததை சின்னப்பன் எப்படிப் பாத்தான்? அது என்ன பஸ் ஸ்டாண்டா, போற வழியில பாக்க? இம்புட்டு நாளா இந்தக் கேள்வியை நான் கேக்கவே இல்ல. குத்தமுள்ள நெஞ்சு கேள்வி கேக்காது போல.

உக்காந்தேன். ரோஸ்லின் காப்பி குடுத்துச்சு. அரைமணி நேரத்துல சின்னப்பன் வந்தான். கையில மடிச்ச மஞ்சப்பை, காலியா. என்னைப் பாத்ததும் பையை முதுகுக்குப் பின்னாடி கொண்டுபோனான்.

"திராட்சை இனிப்பா இருந்துச்சாடா?"ன்னேன்.

பையைக் கீழ போட்டான். அப்புறம் எதுத்தாப்புல உக்காந்தான்.

"எப்ப இருந்து போற?"

"டீக்கடையில சத்தியம் பண்ணோமே, அதுக்கு முந்துன நாள்ல இருந்து."

"அப்ப எதுக்குடா சத்தியம் வாங்குன?"

"நீ போயிருவியோன்னுதான்."

"அப்ப ரெண்டு வாரமா நீ என்மேல கோவப்பட்டது?"

"அது நெசமான கோவம்தான். நான் அன்னைக்கு ஆசையா அலைஞ்சு வாங்குன தாம்பாளம்லே அது. அதுல போயி ஆயில் புடிச்சிருக்க."

ரோஸ்லின் சமையல்கட்டுல சிரிச்சது கேட்டுச்சு. அதுக்கப்புறம் எங்களாலயும் முடியல. நான் மன்னிப்புக் கேட்டேன். அவனும் கேட்டான். யாரை யாரு மன்னிக்கிறதுன்னு தெரியாம ரெண்டு பேருமா சோறு சாப்ட்டோம்.

"யாருக்குக் குடுப்பாருன்னு நெனைக்கிற?"ன்னு கேட்டேன்.

"என்கிட்ட மழையைப் பத்தித்தான் பேசுறாரு"ன்னான்.

ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்தப்ப அறிவிப்பு வந்துச்சு. உதவித் தலைமையாசிரியை, தமிழாசிரியை அமலோற்பவம். எங்க ரெண்டு பேரையும் விட மூணு வருஷம் சீனியர். சின்னாளபட்டியில இருந்து தெனமும் டவுன் பஸ்ல வர்ற டீச்சர். அவங்க பேரு சீனியாரிட்டியில எங்களுக்கு மேல இருக்குங்குறதையே நாங்க ரெண்டு பேரும் யோசிக்கல. அவங்க ஃபாதர் பங்களா எந்தப் பக்கம் இருக்குன்னு கூடத் தெரியாதவங்க.

வாழ்த்துச் சொல்லப் போனோம். சுத்துற நாற்காலியில உக்காராம, பக்கத்துல ஒரு மர நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்க.

"அதுல உக்காந்தா தலை சுத்துது சார்"னாங்க.

அவங்க கையெழுத்துல வந்த மொத சுற்றறிக்கை ஒரே வரி. ஆசிரியர்கள் தங்கள் வாகனங்களைப் பள்ளி வளாகத்தில் எண்ணெய் ஒழுகாத நிலையில் நிறுத்த வேண்டும். எல்லாரும் படிச்சுக் கையெழுத்துப் போடணும். வாகனம் வச்சிருந்தவங்க நாலே பேரு. ஒழுகுனது ஒண்ணுதான்.

பரீட்சை லீவெல்லாம் தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த வண்டியை அன்னைக்கே காதர் பாய்கிட்ட விட்டேன். இன்ஜினை எறக்கி அம்புட்டு சீலையும் மாத்துனாரு. உள்ள பாத்துட்டு, "சார், கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு பொட்டு கசடு இல்ல. உங்க ஆயில் சொன்ன வேலையைச் செஞ்சிருக்கு"ன்னாரு. சுவத்துல நான் வரைஞ்ச மூலக்கூறு அப்படியே இருந்துச்சு. அதுக்குக் கீழ யாரோ ஒரு சொட்டு வரைஞ்சிருந்தாங்க.

மறுபடி சிந்தடிக் ஆயிலே ஊத்துனேன். அதுக்கப்புறம் ஆறு வருஷம் அந்த வண்டி என்கிட்ட இருந்துச்சு. கீழ ஒரு சொட்டு விழல. குளிர்காலத்துலயும் ஒரே திருகல்ல கெளம்பும். பழனிக்கும் கொடைக்கானல் மலைக்கும் எத்தனை தடவை ஏறி எறங்கியிருக்கும்னு கணக்கே இல்ல. வாங்குனவரு இன்ஜின் சத்தத்தைக் கேட்டுட்டு, "வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சா?"ன்னு கேட்டாரு.

இப்பவும் பழைய வண்டிக்கு சிந்தடிக் ஆயில் ஊத்தலாமான்னு நெறைய பேரு என்னைக் கேக்குறாங்க. தாராளமா ஊத்துங்க, பதவி கேக்கப் போறதா இருந்தா மட்டும் பஸ்ல போங்கன்னு சொல்லிருவேன்.